வடக்கு வாசல் செண்பகராஜன்

கரிசல் பூமியின் வரலாறு இனி இரண்டாகப் பிரித்தே எழுதப்படும்: எப்போதும்வென்றான் செண்பகராஜுக்கு முன், எப்போதும்வென்றான் செண்பகராஜுக்குப் பின்.

இதைச் சொன்ன வரலாற்றாசிரியர் செண்பகராஜ்தான். சொன்னதோடு நிற்காமல், தம் கடைக் கம்ப்யூட்டரில் தாமே தட்டி, தம் மெஷினிலேயே இருபதுக்குப் பத்து அடி பிளக்ஸாக அடித்து, கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டியும் விட்டார். இடப்பக்கம் ஒரு காதணி விழா பிளக்ஸ், வலப்பக்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி. அவையும் அவர் கடைச் சரக்கே ஆதலால் மூன்றுக்கும் ஒரே ரோஜாப்பூ, ஒரே புறா. காது குத்துவது யாருக்கு, செத்துப்போனது யார், வரலாறு யாரால் பிரிகிறது என்பதை அவசரமாகப் போகிறவர்கள் சற்று நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். ‘சாம்பல் மகுடம்’ என்று ஒரு மாயக்கதைத் தொடர். இதுவரை ஆறு பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். எரிமலைக்கு அடியில் தூங்குகிற ராணி, பேசுகிற ஓநாய், நிழலை அடகு வைத்துப் படை திரட்டுகிற இளவரசன் என்று ஏகப்பட்ட ஆட்கள். எழுதுகிறவர் யாழிமைந்தன், சென்னைக்காரர். தமிழ்நாடெங்கும் அதற்கு வாசகர்கள் உண்டு. ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்பு, அடையாள அட்டை சகிதம் வாசகர்கள் உள்ள ஊர் கோவில்பட்டி ஒன்றுதான். ‘சாம்பல் மகுடம் வாசகர் பேரவை.’ நிறுவனத் தலைவர் செண்பகராஜ். பேரவையின் சின்னம், கதையில் வரும் செவ்விழி என்ற ஓநாய்.

அவருடைய பக்தியில் கலப்படம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சொந்த ஊரான எப்போதும்வென்றானில் இருந்த பூமியை வாரச் சாகுபடிக்கு விட்டுவிட்டு வந்து கடை போட்டவருக்கு, பிளக்ஸ் அடிக்கக் கொடுத்த ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன முதல் பாகம் கையில் கிடைத்தது. அன்று ஒரு பதினாறாம் நாள் போஸ்டரில் இறந்தவர் படத்துக்குப் பதில் அவருடைய சம்பந்தியின் படம் ஏறிப்போனது. அந்த அளவுக்குக் கதையில் மூழ்கிவிட்டார். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், நான்காம் பாகம் எல்லாம் அப்படித்தான். ஓநாய்களின் சத்தியப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்வார். நான்காம் பாகத்தில் செவ்விழிக்கு ஒரு கண் போனபோது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுதார். அவர் மனைவி உமாராணி யாரோ சொந்தத்தில் இறந்துவிட்டதாக நினைத்து, “யாருக்கு என்னாச்சுன்னு சொல்லித் தொலைங்க” என்று தானும் அழத் தொடங்கினாள்.

அதன் பிறகுதான் பேரவை. தலைவரான பின் புத்தகத்தோடு அவருக்கு இருந்த உறவு மேலும் நெருக்கமாயிற்று. கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். தட்டில் வைத்து ஊர்வலம் விட்டார். ஆசிரியர் பிறந்தநாளுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டார். ‘வாசிப்பே சுவாசம்’ என்று பிளக்ஸ் அடித்தார்.

வீட்டில் இன்னொரு வாசகி இருந்தாள். மகள் இந்துஜா, பிளஸ் டூ. ஆறாம் வகுப்பில் அப்பா சொன்ன கதையைக் கேட்டுத் தொடங்கியவள், அட்டை கழன்று போகும்வரை ஆறு பாகத்தையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பேரவையில் அவள் உறுப்பினர் இல்லை. பதினெட்டு முடிந்தால்தான் அட்டை என்று அப்பாவே விதி போட்டிருந்தார். முன்பெல்லாம் அப்பாவும் மகளும் தோசை ஆறிப்போவது தெரியாமல் ராணியைப் பற்றிச் சண்டை போடுவார்கள். இப்போது அவள் எதையாவது கேட்டால், “நல்ல கேள்விட்டி. அடுத்த கூட்டத்துல தீர்மானமாக் கொண்டாந்திருவோம்” என்பார்.

ஏழாம் பாகம், அதுதான் கடைசி, வருகிறது என்ற அறிவிப்போடு யாழிமைந்தன் இன்னொன்றும் சொன்னார்: சிறந்த வாசகர் ஒருவரின் பெயரைக் கதையில் ஒரு பாத்திரத்துக்கு வைக்கப்போகிறாராம். செண்பகராஜ் அன்றிலிருந்து தூங்கவில்லை. யாழிமைந்தனையும் தூங்கவிடவில்லை. தூத்துக்குடிப் புத்தகத் திருவிழாவில் ஒரு பொன்னாடை, நெல்லையில் ஒன்று, மதுரையில் ஒன்று. ஆசிரியர் கழிவறைக்குப் போய்விட்டு வந்த வழியில் அவசரமாக இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கடம்பூர் போளி ஒரு பொட்டலம். தினமும் காலையில் ஒரு போன்: “வணக்கம் ஐயா, எப்போதும்வென்றான் செண்பகராஜ் பேசுதேன்.”

ஒரு நாள் பதில் வந்தது. வாட்ஸப்பில் பாதிப் பக்கத்தின் படம். அதில் இப்படி இருந்தது:

‘வடக்கு வாசலின் காவலன் செண்பகராஜன் கோட்டை மதில்மேல் ஏறி நின்றான். காலைச் சூரியன் அவன் முகத்தில் விழுந்தது. அந்த நகரத்தின் விதி இப்போது அவன் ஒருவன் கையில் இருந்தது.’

கீழே ஒரு கும்பிடு பொம்மை.

அந்தப் பாதிப் பக்கம்தான் பிளக்ஸ் ஆயிற்று. எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் தம் படத்தை மதில்மேல் நிற்கிற மாதிரி வெட்டி ஒட்டி, கையில் ஒரு வாளும் கொடுத்தார். உமாராணியின் தம்பி சோலைராஜ் கயத்தாறில் லாரி வைத்திருப்பவன். வழியில் லாரியை நிறுத்திவிட்டு பிளக்ஸை அண்ணாந்து பார்த்தான். பிறகு கடைக்கு வந்தான்.

“அத்தான், அந்தாளு மேல ஏறி நிக்கான் சரி. எறங்கி என்ன செஞ்சான்?”

“என்ன செய்வான்? சண்டை போடுவான்.”

“அடுத்த பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாத்தீங்களா?”

“மாப்ளே, நீ லாரி ஓட்டுதே, அதைப் பாரு. பிளக்ஸுன்னா மூணு விஷயம்தான். பேரு பெருசா இருக்கா, மூஞ்சி தெளிவா இருக்கா, பதவி சரியாப் போட்டிருக்கா. மிச்சத்தை எவன் படிக்கான்?”

இது செண்பகராஜ் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. அந்தத் தொழிலின் அடிப்படை. வாடிக்கையாளர்களும் அந்த மூன்றைத்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

சோலைராஜ் டீயைக் குடித்து முடித்து, “நல்லதுதான். எங்க அக்காவ அடைக்கோழி மாதிரி வீட்டுல உக்கார வச்சுட்டு, கதைக்குள்ளயாவது வேலைக்குப் போயிட்டீங்க. வாச்மேன் வேலைன்னாலும் வேலைதான” என்று சொல்லிவிட்டுப் போனான்.

செண்பகராஜுக்குச் சுருக்கென்றது. மாமனார் வீட்டில் அவருக்கு எப்போதும் இந்த மரியாதைதான். பூமியைப் பார்க்காதவன், கதை படிக்கிறவன், ஊரான் மூஞ்சியைப் பெரிதாக்கிப் பிழைக்கிறவன். அந்த வாயெல்லாம் அடைபட ஒரே வழி இந்த ஏழாம் பாகம். மகளிடம் மட்டும் அவர் இதை வேறு மாதிரி சொன்னார்.

“சொத்து சொகம்லாம் அழிஞ்சு போயிரும்ட்டி. புத்தகத்துல ஏறுன பேரு அழியாது. ஒங்க அப்பன் பேரு அழியாது.”

இந்துஜா நம்பினாள். வகுப்பு முழுக்கச் சொன்னாள். “மேடையில அந்தப் பக்கத்தை நான்தான் வாசிப்பேன்ப்பா” என்று இடம் போட்டும் வைத்தாள்.

வெளியீட்டு விழா கோவில்பட்டியில்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புத்தகக் கட்டு பார்சல் லாரியில் வந்து இறங்கியது. இந்துஜா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்தார்.

“ஏட்டி, என்ன காரியம் செய்யப் பாத்தே? புது வண்டி எடுத்தா சாமிக்குக் காட்டாம ஓட்டுதோமா? போர் போட்டா, மோட்டார் வாங்குனா, எதுன்னாலும் முதல்ல அம்மன்கிட்டதான கொண்டுட்டுப் போறோம்? இது அதைவிடவா கொறஞ்சு போச்சு?”

“ஒரே ஒரு புத்தகம்ப்பா. ஒங்க பக்கத்தை மட்டும் பாத்துட்டு வச்சிருதேன்.”

“நானே பாக்கல. கட்டைப் பிரிக்கது மேடையிலதான்.”

கட்டு குட்டியானை வண்டியில் ஏறி எப்போதும்வென்றானுக்குப் போனது. முப்பிடாதி அம்மன் முன்னால் இறக்கி, அட்டைப்பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை போட்டு, நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி பெட்டிக்குச் சக்கரம் எங்கே என்று தேடியதாக ஒரு பேச்சு உண்டு. பேரவைச் செயலாளர் முத்துகிருஷ்ணன், மெடிக்கல் கடைக்காரர், எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் விழாவுக்குக் காத்திராமல் விற்பனை தொடங்கி, அதே நேரம் ஆட்கள் புத்தகத்தை வாங்கிப் படிக்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள். கதையைச் சொல்லிக் கெடுப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்று தலைவர் உத்தரவுப்படி பேரவை முழுவதும் இணையத்தை அணைத்து வைத்திருந்தது. ஆகவே, ஏழாம் பாகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரே ஊராகவும் கோவில்பட்டி ஆயிற்று.

ஞாயிறு காலை கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், இரண்டு வரிசைக்குச் செண்பகராஜின் மாமனார் வீட்டார். இவர்களைத் தனியாக வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார். யாழிமைந்தன் வந்தார். ஜிப்பா, தாடி. பொன்னாடையைக் கண்டதும் குழந்தை ஊசியைக் கண்டதுபோல் தோளைச் சுருக்கினார். செண்பகராஜ் விடவில்லை. பிறகு வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை. ஒவ்வொருவரும் ‘கடல் போன்ற இந்தப் படைப்பு’ என்றார்கள். யாரும் அதற்குள் கால் நனைக்கவில்லை. கடைசியில் பெட்டியைப் பிரித்தார்கள். முதல் பிரதி இந்துஜா கையில். யாழிமைந்தன் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்தினார்.

“வடக்கு வாசலின் காவலன் செண்பகராஜன் கோட்டை மதில்மேல் ஏறி நின்றான்” என்று இந்துஜா தொடங்கினாள். கைதட்டல். செண்பகராஜ் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

“...அந்த நகரத்தின் விதி இப்போது அவன் ஒருவன் கையில் இருந்தது.” மறுபடி கைதட்டல்.

“பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் அவன். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தன் பெயரை அவன் சொன்னதே இல்லை. கீழே பகைவர் படை நின்றது. ‘வாசலைத் திறந்தால் என்ன தருவீர்கள்?’ என்று கேட்டான். ‘என்ன வேண்டும்?’ என்றார்கள். ‘பொன் வேண்டாம், நிலம் வேண்டாம். எனக்கு ஒரு பட்டுத் துண்டு போர்த்த வேண்டும். நாலு பேர் பார்க்கப் போர்த்த வேண்டும்’ என்றான்.”

மண்டபத்தின் பின்பக்கம் யாரோ ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக்கப் பார்த்தான். முன்வரிசையில் சோலைராஜ் எதையும் ஆக்கப் பார்க்கவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தான். இந்துஜாவின் குரல் இறங்கியது. ஆனாலும் விடாமல் வாசித்தாள். செண்பகராஜன் வாசலைத் திறக்கிறான். பகைவர் நுழைகிறார்கள். முதல் அம்பு ஒற்றைக் கண் ஓநாய் செவ்விழியின் மார்பில் பாய்கிறது. துண்டைப் போர்த்திக்கொண்டு செண்பகராஜன் அதைப் பார்த்து நிற்கிறான்.

“ஐயோ, செவ்விழி!” என்று ஒரு பெண் வாய்விட்டு அலறினாள். “துரோகிப் பய!” என்றான் ஒரு கல்லூரி மாணவன், கதைக்குள் இருந்தவனைத்தான். ஆனால் எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். எல்லார் சட்டையிலும் அந்த ஓநாய்ச் சின்னம் குத்தியிருந்தது.

யாழிமைந்தன் முகத்தில் சிரிப்பு இல்லை. உதட்டின் ஓரத்தில் மட்டும், அத்தனை நாள் காலை போன்களுக்கும் சேர்த்து ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது.

செண்பகராஜ் உட்கார்ந்திருந்தார். இந்தப் பேர்தான் அழியாது என்று சொன்னோம் என்பது அவருக்கு மெதுவாக உறைத்துக்கொண்டிருந்தது. கீழே உமாராணி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இந்துஜா மைக்கை விட்டு நகரவில்லை. அந்தப் பத்தியை மனதுக்குள் மறுபடி வாசித்தாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

“ஒரு நிமிஷம். யாரும் சிரிக்காதீங்க. இவன் துரோகி கெடையாது” என்றாள் மைக்கில். “அஞ்சாம் பாகத்துல கெணத்தடியில ஒரு வாக்கு சொல்லுவாங்கள்ல? அதை வச்சுப் பாத்தா இந்த செண்பகராஜன் செஞ்சதுதான் சரி. இவன்தான் இந்தக் கதையிலயே பெரிய ஆளு.”

சிரிப்பு நின்றது. யாழிமைந்தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். இந்துஜா அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுத்தவள், அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு உரியதைத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த பிழை.

“நான் சொல்லக் கூடாது. எங்கப்பாதான் சொல்லணும். எனக்கு இந்தக் கதையைச் சொல்லித் தந்ததே அவியதான்.”

மைக் செண்பகராஜ் கைக்கு வந்தது.

மாமனார் வீட்டார் இரண்டு வரிசையும் அவரையே பார்த்தது. முத்துகிருஷ்ணன் காதோரம் குனிந்து, “தலைவரே, எடுத்து விடுங்க. அந்தக் கெணத்தடிதான்” என்றார், தாமும் எதையோ அறிந்தவர் போல.

“அவையோர்களே” என்றார் செண்பகராஜ். “ஐந்தாம் பாகம் என்பது... ஒரு கடல்.”

காத்திருந்தார்கள்.

“அந்தக் கடலிலே ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியிலே ஒரு வாக்கு. அந்த வாக்கு என்ன சொல்கிறது என்றால்...”

மகள் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுக்கவும் தயாராக இருந்தாள். நான்காம் பாகம் என்றால் வரி வரியாகச் சொல்லியிருப்பார். ஐந்தாம் பாகம் வந்தபோது பேரவைப் பதிவு வேலை. ஆறாம் பாகம் வந்தபோது நீர்மோர்ப் பந்தல். இரண்டையும் அவர் முதல் ஆளாக வாங்கினார், தலையில் வைத்துப் படம் எடுத்தார், மதிப்புரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். படிக்கவில்லை.

“...நேரத்தின் அருமை கருதி, அதைப் படைத்த ஆசிரியப் பெருந்தகையே சொல்வதுதான் முறை” என்று மைக்கை யாழிமைந்தனிடம் நீட்டினார்.

யாழிமைந்தன் மைக்கை வாங்கிக்கொண்டு தாடியைத் தடவினார். ஐந்தாம் பாகம் அவர் எழுதி ஆறு வருடம் ஆகிறது. கிணறு ஒன்று வந்ததாக லேசான ஞாபகம். “மகிழ்ச்சி. ரொம்ப நுட்பமான அவதானிப்பு” என்றார். “ஆனா சில விஷயங்களை ஒரு படைப்பாளி வாசகரோட ஊகத்துக்கே விட்டுடணும், இல்லையா?”

இதற்கும் பலத்த கைதட்டல் கிடைத்தது.

“நீயாவது சொல்லேம்மா” என்று கீழிருந்து ஒரு ஆசிரியை கேட்டார். இந்துஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசை விரிப்பில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“மறந்து போச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சாப்பாட்டுப் பந்தியில் சோலைராஜ் அத்தானுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். போனைத் திறந்து, அதற்குள் சுற்றத் தொடங்கியிருந்த கேலிப் படங்களைக் காட்டினான். பட்டுத் துண்டு போர்த்திய செண்பகராஜ், மதில்மேல் நிற்கிற செண்பகராஜ், ஓநாய்க்குப் பக்கத்தில் வாளோடு செண்பகராஜ். படமெல்லாம் அவர் அடித்த பிளக்ஸிலிருந்தே எடுத்தது.

“மூஞ்சி தெளிவா இருக்கு அத்தான்” என்றான்.

உமாராணி அவனிடம், “சாப்புடும்போது சும்மா இருலே” என்றாள். அவளும் புருஷன் பக்கம் திரும்பவில்லை.

மதிய வெயிலில் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது இந்துஜா பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டி தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டியது. பிறகு கேட்டாள்.

“ஏன்ப்பா சொல்லல?”

“சபையில அடக்கம் வேணும்ட்டி. நம்ம பேரை நாமளே தூக்கிப் பேசக்கூடாது.”

“சிரிச்சாங்கள்லப்பா.”

“சிரிக்கட்டும். நமக்குத் தெரியும்லா.”

அவள் கை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. அவருக்குத் தைரியம் வந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினார். தோள் மட்டும் தெரிந்தது.

“வடக்கு வாசலைத் தெறக்காட்டா ஊர்ல ஒரு புள்ள மிஞ்சாது, தெறந்தவனை மட்டும் ஊரு எந்தக் காலமும் மன்னிக்காது. அதானப்பா வாக்கு?”

“அதேதான். அச்சு அசலா அதேதான்.”

“சொன்னது பொன்னரசிதான?”

“பொன்னரசியேதான். பின்ன வேற யாரு சொல்லுவா? அதைப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுட்டி.”

“எனக்கும்தான்ப்பா” என்றாள் இந்துஜா. அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்து, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் பாகத்தில் பொன்னரசி என்று யாரும் கிடையாது.